முறை வண்டி

ஜன்னல் சீட்டு தர முடியாதுங்க சார். நீங்க கேட்டது தப்பில்லை. நான் தர்றதாத்தான் இல்லை. பொள்ளாச்சி ஸ்டேண்டுல ரெண்டு பஸ்ஸை விட்டுப்போட்டு, இந்தப் பக்கத்து ஜன்னலுக்கோசரமே காத்திருந்து ஏறியிருக்கறேன். உங்களுக்கு மலை ஏறுனா வாந்தி வருமா? வராதில்ல? அப்பறம் என்னத்துக்கு ஜன்னலு. உக்காருங்க. பையைக் காலுக்கடியில தள்ளிக்கங்க. உங்க காலுக்கடியில, என்ற கால் மேல இல்லை.

வால்பாறைக்குங்களா? நானும் அக்கட்டாலதான். பாதியில எறங்குனாலும் எறங்குவேன். எங்கன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.

காரில்லையான்னா கேக்கறீங்க? ஏன் இல்லாம. ஊட்ல ஒரு பெரிய காரு சும்மாதான் நிக்குது. பெரிய காருல போனா ரோட்டோரத்துச் சுவரு மறைக்குது, கீழ ஒண்ணும் தெரியாது. பஸ்ஸுன்னா ஒசரம். பள்ளம் முழுக்கத் தெரியும். அதுக்குத்தான்னு வெச்சுக்கங்களேன். காடு பாக்கறதுல எனக்கு ஒரு இது.

அதுபோக ஒரு சின்னக் காரு இருக்குது. அதுல எனக்குப் பாதி. சிரிக்காதீங்க சார். பாதின்னா பாதிதான். ரெண்டே பேரு உக்கார்ற சீமைக்காரு. மேல கூரை கெடையாது, தரையோட தரையாப் போகும். பந்தயத்துக்குன்னே செஞ்ச வண்டி. ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊரைக் காலி பண்ணிப் போறப்ப நானும் என்ற தம்பியும் சேந்து வாங்குனோம். அப்ப எங்களுக்குள்ள ஒத்துமை இருந்துச்சு. ரெண்டு பேரும் சேந்து பம்புசெட்டு பவுண்டரி ஓட்டிட்டிருந்தோம். பச்சைக் கலரு வண்டி. செவப்பு அடிச்சரலாம்டான்னு அன்னிக்கே சொன்னேன். பச்சைதான் இருக்கோணும்னு ஒத்தக் கால்ல நின்னான். இப்பப் பாருங்க, பச்சைக் காட்டுக்குள்ள பச்சை வண்டி கெடந்தா எவன் கண்ணுக்குத் தெரியும்? சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

அவன் பேரு சென்னியப்பன். பேரைச் சொல்றப்பவே வாய் கசக்குது பாருங்க. மூணு வருசமா அவங்கூடப் பேச்சே கெடையாது.

பாகம் பிரிச்சப்ப பவுண்டரி எனக்கு வந்துச்சு, தென்னந்தோப்பு அவனுக்குப் போச்சு. ஊடு பக்கத்துப் பக்கத்துல, நடுவால ஒரு மதிலு. கெணறு மட்டும் பொது. பொதுக் கெணத்துக்கு எங்க பக்கம் முறைதானுங்க. ஒரு நாள் அவன் மோட்டார் போடோணும், ஒரு நாள் நான் போடோணும். காருன்னு வந்தப்ப எவனும் விட்டுக் குடுக்கலை. விக்கலாம்னாங்க, ரெண்டு பேருக்கும் மனசு வல்லை. பாகம் பேசி விட்ட எங்க பெரிய மாமன் கெணத்தைத் தவிர ஒண்ணும் தெரியாத மனுசன். "காருக்கும் முறை வெச்சுக்கங்கடா"ன்னுட்டாரு. ஒரு அமாவாசைக்கு வாங்குனா அடுத்த அமாவாசைக்குக் குடுத்தரோணும். அவனவன் முறையில அவனவன் என்ன வேணாலும் பண்ணிக்கலாம், அடுத்தவன் வாயைத் தொறக்கக் கூடாது. திருப்பிக் குடுக்கறப்ப, தான் மாட்டுன சாமானைக் கழட்டிக்கிட்டு, வாங்குனாப்புடியே குடுக்கோணும். இதான் தீர்ப்பு. ஊர்ல எவனாச்சு காருக்கு முறை வெச்சுக் கேட்டிருக்கறீங்களா? நாங்க வெச்சோம்.

தீர்ப்பு ஆனப்பறம் எல்லாரும் சாப்புட உக்காந்தோம். அப்பத்தான் அவன் வாயை விட்டான். அத்தனை ஒறம்பரை சொந்தபந்தத்துக்கு முன்னால, எலையில கையை வெச்சுக்கிட்டு, "அண்ணன் ஓட்டற வண்டியில என்ற ஊட்டுக்காரி உசுரோட ஏற மாட்டா"ங்கறான். பந்தியே சிரிச்சுச்சு சார். பரிமார்றவன் சிரிக்கறான். என்ற பொண்டாட்டி ருக்குமணி சிரிக்கறா. அன்னிக்கு எந்திரிச்சவந்தான், இன்னிக்கு வரைக்கும் அந்த நாயிகிட்ட ஒரு வார்த்தை பேசலை.

ஏனுங்க டிரைவரே, கொஞ்சம் மெதுவாத்தான் திருப்புங்களேன்! என்ன அவசரம்? கீழ பாக்கறதுக்குள்ள திருப்பீர்றாரு. ஒரு வளைவு முழுசாப் போச்சு.

நான் வேகத்துக்கு ஆசைப்படறவனுங்க. மறைக்க மாட்டேன். வண்டி என்ற முறைக்கு வந்துச்சுன்னா மொதல்ல இருக்கற கனத்தைக் கொறைப்பேன். உள்ள விரிச்ச கம்பளத்தை உரிப்பேன். தடி ஸ்பிரிங்கு போடுவேன். குறுக்கால ஒரு கம்பி இருக்குது, வளைவுல வண்டியைச் சாய விடாது, அதை மாட்டுவேன். ரோட்டுல ஒரு கல்லு கெடந்தா அது சின்னதா பெருசான்னு இடுப்பெலும்பு சொல்லும். அப்பத்தானே அது வண்டி? ஸ்டேரிங்கை நெனச்சாப் போதும், திரும்பிக்கும்.

அவன் முறைக்குப் போச்சுன்னா வண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாப்புடி ஆயிரும். சீட்டுல மெத்தை. முதுகுக்குத் தலவாணி. மழைக்கு மடக்குக் கூரை. சத்தம் வரக்கூடாதுன்னு ரப்பரு ரப்பராச் சொருகுவான். என்ற குறுக்குக் கம்பி இருந்த எடத்துல ஒண்ணுமிருக்காது, அது இருந்தா கடகடங்குதாம். ஸ்பிரிங்கைக் கேக்கவே வேண்டாம், மெதுமெதுன்னு இருக்கும். சுலோசனா, அதான் அவன்ற ஊட்டுக்காரி, காப்பி டம்ளரைக் கையில புடிச்சுட்டு ஆனைமலை போனாலும் சிந்தாது. பந்தய வண்டியில காப்பி குடிக்கறாளுங்க சார்! கேக்கறப்பவே பத்திக்கிட்டு வருதில்ல?

ரெண்டு பேருக்கும் மெக்கானிக்கு ஒருத்தன்தான். ஞானப்பிரகாசம். எனக்கு மாட்டுவான், அடுத்த மாசம் அவனுக்குக் கழட்டுவான். ரெண்டு பேருக்கும் ஆமாஞ்சாமி போட்டே புது ஒர்க்‌ஷாப்பு கட்டீட்டான்.

கை மாத்தறது கெணத்து மேட்டுல, மோட்டார் ரூமுக்கு முன்னால. அமாவாசையன்னிக்குக் காலையில வண்டியைக் கொண்டாந்து நிறுத்தோணும், சாவியைக் கெணத்துச் சுவரு மேல வெக்கோணும். அவன் அந்தாண்ட நிப்பான், நான் இந்தாண்ட நிப்பேன். மூஞ்சியைப் பாக்க மாட்டோம். நான் வண்டியைப் பாத்துத் திட்டுவேன். "ஒனக்கு ஸ்பிரிங்கா போட்டிருக்கறானுக, எலவம் பஞ்சையில்ல வெச்சுத் தெச்சிருக்கறானுக. போ, போயி அந்தப் பொச கெட்டவன் கையில மாட்டு." அவன் கெணத்தைப் பாத்துத் திட்டுவான். "வண்டி ஓட்டறாங்களா, செக்கு ஓட்டறாங்களா? ஒரு மாசத்துல என்ற வண்டிய நொறுக்கிப்போட்டாங்க. வயசாச்சே தவிர அறிவு ஆவலை." நான் மறுபடி வண்டிக்குச் சொல்லுவேன். அவன் மறுபடி கெணத்துக்குச் சொல்லுவான். ஒரு மணி நேரம்கூடப் போகும். தோப்புல தேங்கா போடறவனெல்லாம் எறங்கி வந்து நின்னு கேப்பான். ஆனாப் பேச்சுங்கறது கெடையாது. அதுல நான் கண்டிப்பு.

என்ன பாத்துட்டே வர்றேன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமில்லைங்க. அணை தெரியுதில்ல, தண்ணி எவ்வளவு கெடக்குதுன்னு பாத்தேன்.

இந்தச் சித்திரையிலதான் வெனை வந்துச்சு. கோயமுத்தூர்ப் பக்கம் பழைய வண்டிக்காரங்க சேந்து ஒரு பந்தயம் வெக்கறாங்க. போன வருசம் ஈரோட்டுக்காரன் ஒருத்தன், சாய ஆலை மொதலாளி, என்னைத் தாண்டிப் போறப்பக் கையை ஆட்டீட்டுப் போனான். டாட்டா காட்றான் சார் எனக்கு! அதுலருந்து தூக்கமில்லை. இந்தத் தடவை முறை எனக்கு வந்தவொடனே வண்டியை ஞானப்பிரகாசத்துகிட்ட விட்டு, "எஞ்சினையே பெருசாக்கு"ன்னேன். சிலிண்டரை அறுத்து அகலம் பண்ணி, பெரிய பிஸ்டன் போட்டு, ரெட்டைக் கார்புரேட்டர் வெச்சுக் குடுத்தான். மிதிச்சேன் பாருங்க! முதுகு சீட்டுல ஒட்டிக்கிச்சு. பந்தயத்தன்னிக்கு ஈரோட்டுக்காரனைத் தாண்டறப்ப நான் ரெண்டு கையையும் ஆட்டோணும்னு நெனச்சேன், ஸ்டேரிங்கை விட முடியலை. கப்பு வாங்கிட்டேன். ஊட்ல இருக்குது. ருக்குமணி அதுல கரண்டியெல்லாம் போட்டு வெச்சிருக்கறா.

அமாவாசை வந்துச்சு. குடுக்கோணுமில்ல? தடி ஸ்பிரிங்கு என்றது, கழட்டியாச்சு. குறுக்குக் கம்பி என்றது, கழட்டியாச்சு. கார்புரேட்டரையும் கழட்டலாம்னுதான் பாத்தேன், அந்த எஞ்சினுக்குப் பழைய கார்புரேட்டர் சேர மாட்டேங்குது. அறுத்த சிலிண்டரை என்ன பண்றது? அறுத்தது அறுத்ததுதான். இரும்பென்ன நகமா, வளர்றதுக்கு? அதனால எஞ்சினு என்றது, காலு, அதான் ஸ்பிரிங்கு, அவன்றது. அப்புடி ஆயிப்போச்சு வண்டி. தீர்ப்பை நான் மீறலை சார். கழட்ட முடிஞ்சதைக் கழட்டிட்டேன்.

முந்தின நாள் சும்மா ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்தேன், வாய்க்கா ரோட்டுல. நேர்ல நல்லாத்தான் போச்சு. வளைவுல லேசா மிதிச்சேன். வண்டி ஒரு பக்கமா அப்புடியே படுக்குது சார். எஞ்சினு தள்ளுது, ஸ்பிரிங்கு தாங்கலை, பின்னால சக்கரம் ரோட்டை விட்டுப்போட்டுத் தனியாச் சுத்துது. ஒரு சுத்துச் சுத்தி, வாய்க்காலைப் பாத்துட்டு நின்னுச்சு. நாற்பது வருசமா ஓட்டறேன். எனக்கே அது கையில நிக்கலை. எறங்கி வாய்க்கா மேட்டுல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். சர்க்கரை இருக்குதில்லீங்க, அதனால இருக்கும்.

ஞானப்பிரகாசம் சொன்னான். "அண்ணா, சின்னவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, இல்லைன்னா நான் சொல்றேன்"னான். "சொன்னீன்னா ஒன் ஒர்க்‌ஷாப்பு வாசல் மிதிக்க மாட்டேன்"னு நாந்தான் அடக்கி வெச்சேன். ஏன் சொல்லோணும்? வாயைத் தொறக்கக் கூடாதுன்னு தீர்ப்பு இருக்குதா இல்லையா? அவன் முறையில அவன் பாத்துக்கட்டும். மெத்தை போட்டவனுக்கு மிதிக்கத் தெரியாதா? என்னைப் பந்தியில வெச்சுச் சிரிச்சானே, அன்னிக்கு எவனாச்சு அவன்கிட்டச் சொன்னானா, சிரிக்காதடான்னு?

இருங்க. இருங்க சார், கொஞ்சம் தள்ளுங்க. அங்க கீழ, அந்தப் பாறைக்குக் கீழ என்னமோ மின்னுதில்ல? உங்க கண்ணுக்குத் தெரியுதா? பச்சையா, தகரமாட்ட? ...தண்ணித் தொட்டியா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தொட்டிதானே? சரி. சரி, தொட்டிதான். வேர்க்குது, ஜன்னலை முழுசாத் தொறந்துர்றேன்.

அமாவாசையன்னிக்குக் கெணத்து மேட்டுல வண்டியை நிறுத்துனேன். சாவியை வெச்சேன். அவன் வழக்கமாட்டக் கெணத்தைப் பாத்துட்டு நிக்கறான், நான் ஆரம்பிக்கட்டும்னு. எனக்கு வாயே வல்லை சார். திட்டலாம்னு தொறந்தா வேற ஏதாச்சு வந்துரும் போல இருந்துச்சு. அதனால ஒண்ணுமே சொல்லாமத் திரும்பி நடந்துட்டேன். அவன் என்ற முதுகையே பாத்துட்டு நின்னானாம், தேங்கா போடறவன் சொன்னான்.

நேத்து ராத்திரி ருக்குமணி சோறு போட்டுட்டே சொல்றா, "சென்னி நாளைக்கு வால்பாறைக்கு மகளைப் பாக்கப் போறானாம், சுலோசனாவையும் கூட்டிட்டு. அந்தக் காருலதான் போவானாட்ட இருக்குது"ன்னு. பொம்பளைங்க ரெண்டு பேரும் மதிலு மேல பேசிக்குவாங்க, அது வேற. எனக்குச் சோறு எறங்கலை. எறங்கலைன்னா, கொழம்புல உப்பு ஜாஸ்தி. நாற்பது கொண்டை ஊசி சார் இந்த மலையில. நாற்பது! ஒவ்வொண்ணுலயும் அவன் மிதிப்பான். மேடேறுதில்ல, மிதிக்காம எப்புடிப் போவான்? பழைய எஞ்சினுன்னு நெனச்சு மிதிப்பான். அவளும் ஏறியிருப்பா. நான் ஓட்டுனா உசுரோட ஏற மாட்டாளாம், புருசன் ஓட்டுனா ஏறுவா.

காலையில எந்திரிச்சு மதிலு மேல எட்டிப் பாத்தேன். காரு நிக்கற செட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு, ஊடு பூட்டியிருந்துச்சு. போயிட்டானுக.

ருக்குமணிகிட்டச் சொல்லி சுலோசனாவுக்குப் போன் பண்ணச் சொல்லலாமேங்கறீங்களா? சொன்னா எதுக்குன்னு கேப்பா. அவளுக்கு ஆர் பதில் சொல்றது? அவன் நம்பருக்கு நானாக் கூப்புடலை. பஸ்ஸுக்குக் காத்திருந்தப்பக் கை பட்டு நாலஞ்சு தடவை தானாப் போயிருச்சு. ரிங்கு போகுது, எடுக்க மாட்டேங்கறான். என்ற நம்பரைப் பாத்தா எடுப்பானா? திமிரு. இல்லாட்டி எடுக்க முடியாம... திமிருதான். வேற ஒண்ணுமிருக்காது.

என்ன சார் அப்புடிப் பாக்கறீங்க? நான் என்ன கொலையா பண்ணீட்டேன்? தீர்ப்புப்படி வண்டி குடுத்தேன். அவன் விழுந்தா அதுக்கு அவன்ற ஸ்பிரிங்குதான் பொறுப்பு. நான் போட்ட ஸ்பிரிங்கை விட்டு வெச்சிருந்தா விழுவானா? சொகுசு கேட்டானில்ல, சொகுசு. என்னைப் போயி...

அட்டகட்டி வந்துருச்சா? டீக்கு நிப்பாட்டறாங்களா? எனக்கு வேண்டாம். நீங்க போயிக் குடிச்சுட்டு வாங்க. இல்ல, இருங்க. உங்க போன்ல சிக்னல் காட்டுதா? ரெண்டு கோடு காட்டுதுங்களா? என்றதுல ஒண்ணுமில்லை.

சார், ஒரு ஒத்தாசை. ஒரு நம்பர் சொல்றேன், உங்க போன்ல இருந்து அடிங்க. புது நம்பருன்னா எடுப்பான். எடுத்தான்னா, கொரல் கேட்டா போதும், ராங் நம்பருன்னு சொல்லி வெச்சிருங்க. எழுதவெல்லாம் வேண்டாம், மனப்பாடமாத் தெரியும். சொல்றேன், அடிங்க.

போகுதா? ரிங்கு போகுதா? இன்னும் போகுதா?

...எடுத்துட்டானா! அவன்தானா? கொஞ்சம் கட்டையான கொரலு, எடுத்தவொடனே இருமுவான். இருமுனானா? அவன்தான். அவன்தான் சார். சரி வெச்சிருங்க.

வெக்காதீங்க! வெக்காதீங்க, இருங்க. திரும்ப எறங்கி வரோணுமில்ல அவன். ஏறுனது பெருசில்லை, எறங்கறப்பத்தான்... சார், இப்புடிச் சொல்லுங்க. ஒரு தெரிஞ்சவரு சொல்லச் சொன்னாருங்க, அந்தப் பச்சைக் காரை மலையில ஓட்டாதீங்க, வளைவுல மிதிச்சாப் பின்னால இழுக்கும், வண்டியை அங்கயே நிறுத்திப்போட்டு பஸ்ஸுல வாங்கன்னு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. சொல்லுங்க, சொல்லுங்க.

என்னங்கறான்? ...என்ன, சிரிக்கறானா?

மெதுவாச் சொல்லுங்க சார். வண்டி ஊட்லயா? செட்டுக்குள்ளயா நிக்குது? அப்ப எப்புடிப் போனானுக? ...மொத பஸ்ஸுலயா? ரெண்டு பேருமா? எப்ப இருந்து வண்டியை எடுக்கலையாம்? ...குடுத்த அன்னிக்கிருந்தேவா? அவன்கிட்ட ஆர் சொன்னா? ஞானப்பிரகாசமா? அவனை நான்... இல்லையா? அப்ப எப்புடித் தெரியும், கேளுங்க. ஏன் எடுக்கலைன்னு கேளுங்க.

...என்னது?

இன்னொருக்காச் சொல்லுங்க.

"அண்ணன் திட்டாமச் சாவி குடுத்தாரு, அதனால எடுக்கலை"ங்கறானா?

...

அவ்வளவுதானா சொன்னான்? வேற ஒண்ணும் சொல்லலையா?

பாத்தீங்களா சார் அவன் கொழுப்பை? பாத்தீங்களா? நான் காலையிலருந்து பச்சைத் தண்ணி குடிக்காம, ஒவ்வொரு பள்ளமாப் பாத்துப் பாத்துச் செத்துட்டு வர்றேன். அவன் மக ஊட்ல சாஞ்சு உக்காந்துட்டுச் சிரிக்கறான். சொல்றதுக்கென்ன கேடு? ஒரு வார்த்தை, கெணத்தைப் பாத்தாச்சும் சொல்றதுக்கென்ன? குடுங்க அந்தப் போனை. குடுங்கறேன்ல! நீங்க போயி டீ குடிங்க.

டேய் சென்னி. நாந்தாண்டா. ஏண்டா, கூறு கெட்ட நாயே, செட்டுக்குள்ள வண்டியைப் பூட்டிப்போட்டு ஒரு தகவல் சொல்ல மாட்டியா? எவண்டா உன்னைய எலவம் பஞ்சுல ஸ்பிரிங்கு போடச் சொன்னது? அந்தக் குறுக்குக் கம்பியை இனிமே எவனாச்சு கழட்டுனான், கையை ஒடிச்சுப்போடுவேன், ஆமா. காப்பி சிந்துனாச் சிந்தட்டும். எத்தனை தடவைடா கூப்புடறது, போன் எடுக்க மாட்டியா நீ? என்ன? நானா? நான் எங்கிருந்தா உனக்கென்னடா? அட்டகட்டியில நிக்கறேன். பஸ்ஸுல. சும்மாதான் வந்தேன், காடு பாக்க. சிரிச்சீன்னா நேரா வந்து பல்லை உடைப்பேன். என்னடா சத்தத்தையே காணம்? பேசுடா. பேச மாட்டியா? பேசலைன்னாப் போ. வையிடா போனை.

டேய். வெச்சறாதடா.